கடலடிச் சேற்றில் கிடக்கும் பழைய கடன்

‘கணினி மாதிரிகளின்படி’ என்று எத்தனையோ சூழல் செய்திகளில் எழுதியிருக்கிறேன். அந்த மாதிரிக்குள் எது கணக்கிடப்படுகிறது, எது விடுபடுகிறது என்று கேட்டதில்லை. போல்டிக் கடலைப் பற்றி வாசித்தபோதுதான் அந்தக் கேள்வி எழுந்தது.

ஒன்பது நாடுகள் சூழ்ந்த இக்கடலின் சராசரி ஆழம் ஏறத்தாழ 55 மீற்றர். டென்மார்க்கை அண்டிய ஒடுங்கிய நீரிணைகளே அதற்கு வாசல். நீர் முழுமையாக மாறச் சுமார் 30 ஆண்டுகள் எடுக்கும். கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் வயல்களின் பசளையும் நகரங்களின் கழிவுநீரும் ஆறுகள் வழியே இங்கு வந்து சேர்ந்தன. அவற்றிலிருந்த பொஸ்பரஸில் ஒரு பகுதி கடலடியில் படிந்தது.

படிந்தது அங்கேயே கிடப்பதில்லை. ஒட்சிசன் இருக்கும்வரை சேற்றின் மேற்படையிலுள்ள இரும்பு ஒட்சைட்டுகள் பொஸ்பேற்றைப் பிடித்து வைத்திருக்கும். ஒட்சிசன் தீர்ந்தால் இரும்பு கரையும். பொஸ்பேற்று விடுபட்டு நீருக்குள் வரும். அதை உண்டு நீலப்பச்சைப் பாசி பெருகும். பாசி இறந்து அடியில் அழுகும்போது மிஞ்சிய ஒட்சிசனும் தீரும். சேறு மேலும் பொஸ்பேற்றை விடும். ஏரிச் சேற்றில் ஒட்சிசனுக்கு உள்ள இந்தப் பங்கை பிரித்தானிய விஞ்ஞானி கிளிஃபர்ட் மோர்டிமர் 1941, 1942ஆம் ஆண்டுகளிலேயே விளக்கியிருந்தார்.

இதைக் கணக்கிடும் மாதிரி, சேற்றை மெல்லிய படைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் வரவு செலவு எழுதுகிறது. செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பொருள்கள் பரவுவது, புழுக்கள் சேற்றைக் கிளறுவது, பற்றீரியாக்கள் சேதனப் பொருளைச் சிதைப்பது, புதிய படிவின் கீழ் பழையது புதைவது ஆகிய நான்கும் அதில் அடங்கும். கடலடியில் கவிழ்த்து வைக்கும் மூடிய அறைகளுக்குள் நீர் எப்படி மாறுகிறது என்று அளந்து, கணக்கு சரியா எனப் பார்க்கிறார்கள்.

சிக்கல் அளவில் இருக்கிறது. சேற்றில் மில்லிமீற்றருக்கு மில்லிமீற்றர் இரசாயனம் மாறும். கடல் மாதிரிகளோ கிலோமீற்றர் கணக்கான கட்டங்களில் இயங்குபவை. எனவே பல மாதிரிகளில் சேறு முழுவதும் ஒரே படையாகச் சுருக்கப்படுகிறது. சேற்றின் பழைய இருப்பு எவ்வளவு காலம் வெளிவரும் என்பது இந்தச் சுருக்கத்தில்தான் பிழைத்துப்போகலாம்.

அந்தப் பிழை ஆய்வுகூடத்தோடு நிற்பதில்லை. 2007இல் போல்டிக் நாடுகள் ஒப்புக்கொண்ட செயற்றிட்டம், கடலுக்குள் எவ்வளவு பொஸ்பரஸ் வரலாம் என்ற உச்ச வரம்பை மாதிரிகளைக் கொண்டே வகுத்தது. 2021இற்குள் கடலை நல்ல நிலைக்குக் கொண்டுவருவது இலக்கு. 1980களுக்குப் பின் ஆறுகள் கொண்டுவரும் பொஸ்பரஸ் கணிசமாகக் குறைந்தும் இலக்கு எட்டப்படவில்லை. 2021இல் திட்டம் புதுப்பிக்கப்பட்டு, 2030 வரையான நடவடிக்கைகள் வகுக்கப்பட்டன.

வரவைக் குறைத்தது வீண்முயற்சி என்று இதற்குப் பொருளில்லை. குறைக்காவிட்டால் சேற்றின் கடன் இன்னும் ஏறியிருக்கும். ஆனால் கடல் எப்போது தேறும் என்று சொல்லும் எந்த எதிர்வுகூறலையும் செய்தியாக்குமுன் நான் இனிக் கேட்கவேண்டிய கேள்வி இது: உங்கள் கணக்கில் கடலடிச் சேறு இருக்கிறதா?