நடவாததும் நம்ப இயலாததும்

புதுமையான செய்தியொன்றைக் கேட்கும்போது சிலர் ‘இது நடவாது’ என்பர். வேறு சிலர் ‘இதை நம்ப இயலவில்லை’ என்பர். பேச்சு வழக்கில் இவ்விரண்டும் ஒரு பொருளனவாகவே வழங்குகின்றன. ஆயினும் முன்னது உலகத்தைப்பற்றிய தீர்ப்பு. பின்னது கேட்பவருடைய உள்ளத்தின் நிலை. முன்னதற்குச் சான்று வேண்டும். பின்னதற்கு அது வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் ‘இம்பாஸிபிள்’, ‘இன்கிரெடிபிள்’ என இரு சொற்கள் உள. இரண்டும் இலத்தீன் வழி வந்தவை. முதற்சொல்லின் வேர் ஆற்றலையும், இரண்டாவதன் வேர் நம்பிக்கையையும் குறிக்கும். தமிழிலோ ‘நடக்க முடியாது’, ‘நம்ப முடியாது’ என ஈரிடத்தும் ‘முடியாது’ என்பதே வந்து நிற்பதால் மயக்கம் எளிதில் நேர்கிறது. தருக்க நூல்களில் வரும் இரண்டு எடுத்துக்காட்டுகளை நோக்கினால் வேறுபாடு விளங்கும். ‘மலடி மகன்’ என்பது சொல்லளவிலேயே தன்னைத்தான் மறுப்பது. ‘முயற்கொம்பு’ என்பதோ எவரும் கண்டிராதது. கண்டிராதவை யாவும் முரண்பட்டவை ஆகா.

ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கதை எழுதினார். சீயம் நாட்டு மன்னரிடம் ஒல்லாந்தத் தூதர் ஒருவர், தம் நாட்டில் குளிர்காலத்தில் நீர் கல்லாய் உறைந்து யானையையும் தாங்கும் என்றாராம். அதுவரை அவர் சொன்னவற்றையெல்லாம் நம்பிவந்த மன்னர், அன்று அவரைப் பொய்யர் என்று முடிவு செய்தார். மன்னர் பிறந்து வளர்ந்த வெப்ப நாட்டில் நீர் உறைந்ததில்லை. தாம் காணாததை நடவாததென்று அவர் கொண்டுவிட்டார்.

இதே சோதனை மட்டக்களப்பு வாவிக்கும் வந்தது. வாவியின் அடியிலிருந்து இன்னிசை எழுகிறதென்று மீனவர் சொல்லி வந்தனர். இலங்கையின் குடியேற்றச் செயலாளராய் இருந்த எமர்சன் தென்னன்ட் 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது இதைப்பற்றி விசாரித்தார். வறட்சிக் காலத்திலே ஒலி கேட்கும், மழைவெள்ளம் பெருகினால் நின்றுவிடும் என்று மீனவர் கூறினர். அது ஊரி என்னும் சங்கினத்தின் குரலென்றும் சொல்லிச் சில சங்குகளைக் கொண்டுவந்து காட்டினர். தென்னன்ட் அவர்களை மறுக்கவுமில்லை, உடனே ஒப்பவுமில்லை. நிலவெழுந்தபின் அவர்களுடன் தோணியேறிக் கோட்டைத் துறைக்கு அப்பால் சென்றார். நீருள்ளிருந்து நுண்ணிய ஒலிகள் பல எழுவதைக் கேட்டார். தோணியின் பலகையில் காதை வைத்தபோது ஒலி மேலும் வலுத்தது. கேட்டதை எழுதிவைத்தார்; ஒலிக்கும் உயிர் இன்னதென அறுதியிட்டுரைக்கவில்லை.

மீன்களுட் சில ஒலியெழுப்பும் என்று அரிஸ்டாட்டில் முன்னரே எழுதியிருந்தார். 1857இல் ஜெர்மானிய அறிஞர் யொஹானஸ் முல்லர் அத்தகைய மீன்களைப்பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டார். விபுலானந்த அடிகள் வாவியின் ஒலியை நீரர மகளிரின் பாடலாகக் கற்பனை செய்தார். 1960களில் யேசுசபைத் துறவி லாங் அடிகளாரின் உதவியுடன் இலங்கை வானொலி அவ்வொலியை ஒலிபரப்பியது.

மீனின் பாட்டை நம்பாதவருக்கு இழப்பு சிறிது. கடலின் செய்தி அத்தகையதன்று. மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாகரைக்குச் செல்லும் வழியில் கடலை நோக்கி அமைந்த மீனவர் ஊர் மாங்கேணி. கடல் கரையைக் கடந்து குடிமனைகளுள் புகும் என்று 2004க்கு முன் ஒருவர் சொல்லியிருந்தால், கிழக்குக் கரையில் அதை ஏற்றுக்கொண்டிருப்போர் மிகச் சிலரே. ஆயினும் முன்நிகழ்வு இருந்தது. 1883 ஆகஸ்ட் 27இல் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலைகள் இலங்கையையும் எட்டின. காலியில் கடல் பின்வாங்கி மீண்டது. கிழக்குக் கரையின் பாணமையில் உயிர்ச்சேதமும் நேர்ந்தது. 121 ஆண்டுகளில் அந்நினைவு மங்கிற்று. 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கிச் சுமார் இரண்டு மணி நேரத்தில் பேரலை கிழக்குக் கரையை அடைந்தது. இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அந்த இரண்டு மணி நேரத்தில் கரையிலிருந்தோருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. இந்து மாகடலுக்கென ஒரு சுனாமி எச்சரிக்கை அமைப்பு அன்று இல்லை. அழிவுக்குப் பின்னரே அது நிறுவப்பட்டது. இன்று எச்சரிக்கை வரும். ஆனால் அதைக் கேட்பவர் ‘நடவாது’ என்று வீட்டிலிருந்துவிட்டால் பயனில்லை. ‘நம்ப இயலவில்லை’ என்று நினைப்பவர்கூட மேட்டு நிலத்தை நோக்கி நடக்கலாம். அவரது ஐயம் அவருடனேயே வரட்டும்; அவருடைய பிள்ளைகளும் உயிருடன் வருவர்.