உயர்ந்த இசை எது? றொக் இசையின் புகழும் வன்னிப் பாடல்களும்

கலைகளுள் ஒன்றை உயர்ந்ததென்றும் மற்றொன்றைத் தாழ்ந்ததென்றும் வகுத்துரைக்கும் வழக்கம் எல்லாச் சமுதாயங்களிலும் இருந்து வந்துள்ளது. அவ்வாறு வகுப்போர் யாவர், எவ்வளவுகோலைக் கொண்டு வகுக்கின்றனர், அவ்வளவுகோல் எக்காலத்தில் எவர் தேவைக்காக உருவாயிற்று என்னும் வினாக்களோ அரிதாகவே எழுப்பப்படுகின்றன. மேனாட்டில் 'கிளாசிக் றொக்' என வழங்கும் செவ்வியற் றொக் இசைக்கு இன்று அளிக்கப்பட்டுள்ள உயர்ந்த இடம் அதற்கு உரியதுதானா என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். வன்னி மண்ணில் பிறந்த ஒருவருக்கு இவ்வாராய்ச்சி எதற்கு எனச் சிலர் வினவலாம். ஒரு கலைக்குப் புகழ் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை அறிந்தாலன்றி, மற்றொரு கலைக்கு அது ஏன் வந்து சேரவில்லை என்பதை அறிதல் இயலாது. அதுவே இவ்வாராய்ச்சியின் பயன்.

றொக் இசையின் வேர்கள் ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களின் 'புளூஸ்' பாடல்களில் உள்ளன. 1941ஆம் ஆண்டில் அலன் லோமக்ஸ் என்பார் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக மிசிசிப்பி மாநிலத்துத் தோட்டமொன்றுக்குச் சென்று அங்கு வேலை செய்த ஒரு பாடகரின் குரலைப் பதிவு செய்தார். அப்பாடகரே பின்னாளில் மடி வோட்டர்ஸ் எனப் புகழ் பெற்றவர். 1943இல் அவர் சிக்காகோ நகருக்குக் குடிபெயர்ந்தார். தொழிற்சாலை நகரின் இரைச்சலுக்கு மேலாகக் கேட்கவேண்டிய தேவை மின் கிற்றாரை அவர் கையில் கொடுத்தது. அங்கு உருவான ஓசையே 1950களில் சக் பெரி, லிற்றில் றிச்சர்ட், எல்விஸ் பிறெஸ்லி முதலியோர் வழியாக 'றொக் அன்ட் றோல்' என வடிவெடுத்தது. இங்கிலாந்தின் 'றோலிங் ஸ்ரோன்ஸ்' குழுவினர் தம் பெயரையே மடி வோட்டர்ஸின் பாடலொன்றிலிருந்து எடுத்துக்கொண்டனர்.

இவ்விசை தொடக்கத்தில் மதிப்புப் பெறவில்லை. இளைஞரைக் கெடுக்கும் இரைச்சல் எனச் சமயத் தலைவர்களும் ஆசிரியர்களும் அதனைக் கடிந்தனர். இகழப்பட்ட இவ்விசை ஏறத்தாழப் பத்தாண்டுகளுள் கலையென ஏற்கப்பட்டமை வியப்புக்குரியது. 1963 பெப்ரவரி 11ஆம் திகதி லிவர்பூல் நகரத்து 'பீற்றில்ஸ்' குழுவினர் தமது முதல் நீள இசைத்தட்டின் 14 பாடல்களுள் 10 பாடல்களை ஒரே நாளில் பதிவு செய்தனர். அதே குழுவினர் 1967இல் வெளியிட்ட 'சார்ஜன்ற் பெப்பர்' இசைத்தட்டைப் பதிவு செய்ய ஏறத்தாழ ஐந்து மாதங்கள் எடுத்தனர். அதன் இறுதிப் பாடலுக்கு 40 இசைவாணர் கொண்ட பல்லியக் குழு அமர்த்தப்பட்டது. பிறிதொரு பாடலில் ஜோர்ஜ் ஹரிசன் இந்திய இசைக்கருவிகளைப் பயன்படுத்தினார். 1968இல் ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான கிறாமி விருதைப் பெற்ற முதல் றொக் இசைத்தட்டு இதுவே. நடனத்துக்குரிய இசையாக இருந்தது, அமர்ந்து செவிமடுக்கும் இசையாக மாறியது.

கலைஞர் ஆக்கிய கலைக்கு அரியணை அமைத்துக் கொடுத்தவை நிறுவனங்கள். 1967இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய 'றோலிங் ஸ்ரோன்' சஞ்சிகை இவ்விசைக்கெனத் திறனாய்வாளர் பரம்பரையொன்றை உருவாக்கிற்று. 1980களில் அமெரிக்க வானொலி நிலையங்கள் முந்திய இரு தசாப்தப் பாடல்களையே திரும்பத் திரும்ப ஒலிபரப்பி, அவற்றுக்குக் 'கிளாசிக்' என்னும் பெயரைப் பரப்பின. அந்நிலையங்களின் நோக்கம், இளமையில் அப்பாடல்களைக் கேட்டு வளர்ந்து இப்போது கையிற் பணம் உள்ள வயதை அடைந்துவிட்ட நேயரை விளம்பரதாரருக்குத் தேடிக் கொடுத்தலாகும். 1986இல் 'றொக் அன்ட் றோல் புகழ் மண்டபம்' தன் முதற் கலைஞரைத் தேர்ந்தெடுத்தது. 2016இல் பொப் டிலனுக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆகவே 'செவ்வியல்' என்னும் அடைமொழி கலையின் உள்ளிருந்து மட்டும் எழுந்ததன்று. சஞ்சிகை, வானொலி, சந்தை, விருது ஆகிய நான்கும் கூடிச் சூட்டிய மகுடம் அது.

இம்மகுடத்தின் உறுதியைச் சோதிக்க இரு சான்றுகள் போதும். முதலாவது, கடன் பற்றியது. 'லெட் செப்பலின்' குழுவினர் 1969இல் வெளியிட்ட புகழ்பெற்ற பாடலொன்று தமது ஆக்கத்தைத் தழுவியதென வில்லி டிக்சன் என்னும் கறுப்பினக் கவிஞர் 1985இல் வழக்குத் தொடுத்தார். 1987இல் அது இணக்கமாகத் தீர்க்கப்பட்டது. அதே குழுவினர் 1971இல் இசைத்த, அணை உடைவதைப் பற்றிய பாடல் 1929இல் மெம்பிஸ் மினி என்னும் பெண்ணும் அவர் கணவர் ஜோ மக்கோயும் பாடியது. 1927இன் மிசிசிப்பிப் பெருவெள்ளமே அதன் பொருள். பிந்திய தட்டில் மெம்பிஸ் மினியின் பெயர் ஆக்கியோருள் ஒன்றாக இடம்பெற்றமை பாராட்டத்தக்கது. எனினும் உலகம் அப்பாடலை யாருடையதாக நினைவிற் கொள்கின்றது என்பதை நாம் அறிவோம்.

இரண்டாவது, நிலையாமை பற்றியது. 'றோலிங் ஸ்ரோன்' சஞ்சிகை 2003இல் வெளியிட்ட தலைசிறந்த 500 இசைத்தட்டுகளின் பட்டியலில் 'சார்ஜன்ற் பெப்பர்' முதலிடம் பெற்றது. 2020இல் அதே சஞ்சிகை புதிய நடுவர்களைக் கொண்டு பட்டியலைத் திருத்தியபோது கறுப்பினப் பாடகர் மார்வின் கேயின் 1971ஆம் ஆண்டு இசைத்தட்டு முதலிடத்துக்கு வந்தது. 'சார்ஜன்ற் பெப்பர்' 24ஆம் இடத்துக்கு இறங்கிற்று. பதினேழு ஆண்டுகளில் இசைத்தட்டில் ஓர் ஓசையேனும் மாறவில்லை, மாறியோர் நடுவரே. நடுவர் மாற நிலைமாறும் பெருமையை நிலைபேறுடைய பெருமை எனக் கொள்வது எங்ஙனம்?

இவற்றைக் கொண்டு றொக் இசையின் புகழ் முற்றும் பொய்யெனக் கூறிவிடுதல் நேர்மையாகாது. பிறர் மரபிலிருந்து பெற்றதை அக்கலைஞர் அப்படியே திருப்பிப் பாடினாரல்லர். ஒலிப்பதிவுக் கூடத்தையே ஓர் இசைக்கருவியாக மாற்றினர். மூன்று நிமிடப் பாடலுக்குள் அடங்காத பொருளை இசைத்தட்டு முழுவதற்கும் விரித்தனர். போருக்கு எதிராகவும் நிறவெறிக்கு எதிராகவும் தம் தலைமுறை கொண்டிருந்த உணர்வுகளுக்குக் குரல் கொடுத்தனர். தன் காலத்தின் உண்மையைத் தன் காலத்தின் கருவி கொண்டு கூறியமையே அவ்விசையின் மெய்யான பெருமை. அப்பெருமை அதற்கு உரியதே. எல்லா இசையையும் அளக்கும் கோலாக அதனை நிறுத்துவதே உரிமையற்றது.

மேனாட்டில் நிகழ்ந்த இவ்வரலாறு நமக்குப் புறம்பானதன்று. கருநாடக இசையின் இன்றைய மேன்மை பெரிதும் சென்னையில் 1928இல் நிறுவப்பட்ட சங்கீத வித்துவ சபை போன்ற நிறுவனங்களால் வரையறுக்கப்பட்டது. தமிழ்ப் பாடல்களுக்கு மேடையில் உரிய இடமில்லை என்ற குறையைப் போக்க 1940களில் தமிழிசை இயக்கம் எழவேண்டியதாயிற்று. நம் நாட்டில், படித்தோரால் பாமரர் ஆட்டமெனப் புறக்கணிக்கப்பட்ட கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' எனத் தொடர்ந்த அம்முயற்சியின் பின்னரே கூத்து கலையென நகரத்தாரால் மதிக்கப்படலாயிற்று. கூத்து அதற்கு முன்னரும் கலையாகவே இருந்தது. அதனைக் காணும் கண்ணே புதிதாகத் திறந்தது.

இன்று ஈழத்துத் தமிழ்ப் பொப் பாடல்களுக்கும் ஒரு பொற்காலப் பெருமை வழங்கப்படுகின்றது. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோர் போர்த்துக்கேயர் வழிவந்த பைலா இசையின் தாளத்தில் தமிழைப் பொருத்திப் பாடினர். மனோகரனின் குரலில் பரவிய 'சுராங்கனி' 1977இல் தமிழகத் திரைப்படமொன்றிலும் இடம்பெற்றது. எளிய சொல்லும் எள்ளலும் உள்ளூர்ப் பேச்சும் அப்பாடல்களின் வலிமை. அவை நிலைத்தமைக்கு வானொலியும் இசைத்தட்டும் அவற்றைக் காத்தமையும் ஒரு காரணமாகும். ஈண்டும் புகழுக்குப் பதிவே வாயில்.

இவ்வாயில் வன்னிக்குத் திறந்திருந்ததா என்பதே நம் முன்னுள்ள வினா. வன்னியில் இசை இல்லாமலில்லை. முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்து, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வழிபாட்டுடன் இணைந்து வளர்ந்த மரபு. வைகாசிப் பொங்கலை ஒட்டிக் கடல்நீரில் விளக்கெரியும் அம்மரபில் கண்ணகியின் கதை வெறுங்கதையன்று; ஆண்டுதோறும் ஊர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் சடங்கு. அறுவடைக்கு அரிவிச் சிந்து, கதிருண்ண வரும் பறவைக்குக் குருவிச் சிந்து, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிக்குப் பண்டிப் பள்ளு என உழவனின் ஒவ்வோர் இடருக்கும் ஒரு பாடல் அங்கு உண்டு. யானையைப் பிடித்துக் கட்டிய அரியாத்தையின் கதையை உரைக்கும் வேலப்பணிக்கன் ஒப்பாரி, ஒரு பெண்ணின் வீரத்தையும் அவளை இழந்த கணவனின் துயரையும் ஒருங்கே கூறுவது. 1958இலும் 1977இலும் நிகழ்ந்த இனக்கலவரங்களின் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் குடியேறியோர் தப்பிசையையும் காமன் கூத்தையும் அறிந்த மக்கள். இரணைமடுவையும் ஏனைய குளங்களையும் நம்பி வாழும் இம்மண்ணில், கட்டு உடையும் என்னும் அச்சம் எவருக்கும் விளக்கவேண்டியதன்று. 2018 டிசெம்பர் வெள்ளத்தைக் கண்ட கிளிநொச்சி உழவனுக்கு மெம்பிஸ் மினியின் பாடற்பொருளை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

ஆயினும் இம்மரபுகளுக்கு லோமக்ஸ் போன்றவர் வாய்த்தது மிகக் குறைவு. பாடல்களின் சொற்கள் சில நூல்களில் அச்சேறியுள்ளன. மெட்டு, குரல், மத்தளத்தின் நடை, பாடுவோனுக்கும் பின்பாட்டுக்காரருக்கும் இடையிலான உறவு ஆகியன அச்சில் ஏறா. றொக் இசை மின்சாரத்தின் பிள்ளை. வன்னியோ 1990களில் மின்சாரமும் மின்கலமுமின்றித் துவிச்சக்கரவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட நிலம். அக்காலத்தில் நம்மவர் உலகத்தின் பாடலைக் கேட்க வழி கண்டனர். நம் பாடலை உலகம் கேட்க வழி இருக்கவில்லை. 2008இலும் 2009இலும் வன்னி மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் ஈற்றில் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களை அடைந்தனர். உயிரையன்றி வேறெதனையும் சுமக்க இயலாது வந்தோர் கூத்துக் கொப்பியையும் மத்தளத்தையும் காத்து வந்திருப்பர் என எதிர்பார்த்தல் தகாது. இறந்தோருடன் எத்தனை மெட்டுகள் இறந்தன என்பதை எப்பட்டியலும் கூறாது.

எனவே வன்னியில் உயர்ந்த இசை தோன்றவில்லை என யாரேனும் கூறின், அக்கூற்று இசையைப் பற்றியதன்று, பதிவைப் பற்றியது. இதனைக் கூறும்போது மறுதவறொன்றையும் விலக்குதல் வேண்டும். நம்முடையது என்பதனாலேயே நாட்டார் பாடல் ஒவ்வொன்றையும் வானளாவப் புகழ்தல், றொக் இசைக்கு வானொலி நிலையங்கள் செய்ததையே நாமும் செய்வதாகும். கூத்துகளுள்ளும் சோர்ந்தவை உண்டு. சிந்துகளுள்ளும் வெறும் ஒலிநிரப்பு உண்டு. பெற்ற மரபுக்குப் புதிதாக ஒன்று சேர்த்ததா, தன் மக்களின் வாழ்வை மெய்யாக உரைத்ததா, கடன்பட்டோரை மறவாது பெயர் கூறிற்றா என்னும் மூன்று வினாக்களைப் பீற்றில்ஸ் குழுவினரிடமும் கோவலன் கூத்தின் அண்ணாவியாரிடமும் ஒரே நேர்மையுடன் கேட்டல் வேண்டும். இச்சோதனையில் றொக் இசை முதலிரண்டில் தேறும். மூன்றாவதில் பன்முறை தவறும். வன்னிப் பாடல்கள் எவ்வாறு தேறும் என்பதைச் சொல்ல முதலில் அவை நம் செவியை எட்டவேண்டும்.

அதற்கான கருவி இன்று ஒவ்வொரு மாணவர் சட்டைப்பையிலும் உள்ளது. 1941இல் லோமக்ஸ் வாகனத்தில் ஏற்றிச் செல்லவேண்டியிருந்த பாரமான பதிவுப்பொறியைவிட நம் கைத்தொலைபேசி வலிமை மிக்கது. விடுமுறையில் ஊர் செல்லும் கலைப்பீட மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரின் மூத்த பாடகர் ஒருவரை அணுகி, அவர் பாடலுடன் அவர் பெயரையும் ஊரையும் பாடற் சந்தர்ப்பத்தையும் அவர் யாரிடம் கற்றார் என்பதையும் அவர் இசைவுடன் பதிவு செய்வாராயின், சில ஆண்டுகளில் ஒரு மரபின் குரல் நம் கையில் இருக்கும். எழுபதும் எண்பதும் கடந்த அம்மூத்தோர் நமது பட்டமளிப்பு விழா வரை காத்திருப்பர் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. புகழ் பின்னர் வரட்டும், வராவிடினும் ஆகுக. முதலில் பாடல் இருத்தல் வேண்டும்.