பொறி சொல்லும் சாட்சி



நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய ஒரு பள்ளியில், வாயிற்சுவரில் பெரிய கடிகாரம் ஒன்று இருந்தது. அது ஒன்பது மணி காட்டியதும் கதவை அடைத்துவிட வேண்டும் என்பது என் ஆணை. அயலூரிலிருந்து பேருந்தில் வரும் மாணவன் ஒருவன், மூன்று நாள் தொடர்ந்து கதவுக்கு வெளியே நின்றான். மூன்றாம் நாள் அவனைத் தண்டித்தேன். “ஐயா, அஞ்சலகக் கடிகாரத்தில் இன்னும் ஒன்பது ஆகவில்லை” என்று அவன் மெல்லச் சொன்னான். “கடிகாரம் பொய் சொல்லுமா?” என்று கேட்டு அவன் வாயை அடக்கிவிட்டேன். மறுவாரம் அதனைத் துடைத்து எண்ணெய் இட வந்தவர், அது ஆறு நிமிடம் முந்தி ஓடுவதைக் காட்டினார். இறைவணக்கக் கூட்டத்தில் அம்மாணவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஆயினும், அவன் சொன்ன அன்றே நான் ஏன் அஞ்சலகம் வரை நடந்து பார்க்கவில்லை என்னும் கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை.

சாலையில் விரையும் வண்டியை லேசர் ஒளியால் அளந்து, படமெடுத்து, அபராதச் சீட்டு அனுப்பும் பொறிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கடிகாரமே என் நினைவுக்கு வருகிறது. அப்பொறிகளின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வேகத்திற்கு வரம்பு விதிக்கும் வழக்கம் மோட்டார் வண்டிக்கும் முந்தியது. இங்கிலாந்தில் 1865-ஆம் ஆண்டுச் சட்டம், நீராவியால் ஓடும் சாலை வண்டிகள் நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலும், ஊருக்குள் 2 மைலுமே செல்லலாம் என்றது. செங்கொடி ஏந்திய ஆள் ஒருவர் வண்டிக்கு முன்னே நடந்து செல்லவும் வேண்டும். 1896 ஜனவரியில் வால்டர் ஆர்னால்டு என்பவர், கென்ட் மாவட்டத்தில் மணிக்கு 8 மைல் வேகத்தில் மோட்டார் ஓட்டினார். காவலர் ஒருவர் மிதிவண்டியில் துரத்திச் சென்று அவரைப் பிடித்தார். வேகத்திற்காக அவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் ஒரு ஷில்லிங். அன்று சாட்சியாக நின்றது காவலரின் கண்.

பின்னர்க் காவலர்கள், அளந்து குறித்த தொலைவின் இரு முனைகளிலும் புதர்களில் மறைந்திருந்து, நிறுத்துக் கடிகாரத்தால் வேகத்தைக் கணக்கிட்டனர். இதற்கு எதிராக 1905-இல் இங்கிலாந்தில் மோட்டாரோட்டிகள் ஒரு சங்கம் கண்டனர். அதன் ஏவலர்கள் சாலையில் நின்று, காவலர் மறைந்துள்ள இடத்தை முன்கூட்டியே உணர்த்தினர். அவ்வாறு எச்சரிப்பது காவலரின் கடமைக்கு இடையூறு என்று நீதிமன்றம் தீர்த்தபின், சங்கம் வேறொரு வழி கண்டது. ஏவலர் சலாம் வைத்தால் பாதை தெளிவு. வைக்காவிட்டால், வண்டியை நிறுத்திக் காரணம் கேட்க வேண்டும்! பேசாதவனை எந்தச் சட்டம் தண்டிக்கும்? காவலுக்கும் ஓட்டுவோருக்கும் இடையே எழுந்த ஐயம் அத்துணைப் பழமையானது.

கண்ணின் இடத்தைப் பொறி பிடித்த கதை சுவையானது. மாரிஸ் காட்சோனைட்ஸ் என்னும் டச்சுக்காரர் 1911-இல் ஜாவாவில் பிறந்தவர். 1953-இல் மான்டி கார்லோ மோட்டார்ப் போட்டியில் வென்றவர். வளைவுகளில் தம் வண்டி எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்பதை அறிந்து, இன்னும் விரைந்தோட வேண்டும் என்பதற்காகவே அவர் ஓர் அளவுகருவி செய்தார். அதனைச் செய்து விற்க 1958-இல் ஒரு நிறுவனமும் தொடங்கினார். விரைவை வளர்க்கப் பிறந்த கருவி, விரைவை அடக்கும் கருவியாயிற்று.

அதன்பின் வந்தது லேசர். 1960 மே மாதத்தில் அமெரிக்காவில் தியோடர் மைமன், மாணிக்கப் படிகம் ஒன்றைக் கொண்டு முதல் லேசர் ஒளியை எழுப்பினார். 1980-களின் இறுதியில் அவ்வொளி காவலரின் கைக்கருவியாயிற்று. அது வேலை செய்யும் முறை எளியது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளித்துடிப்பு ஒன்று வண்டியில் பட்டுத் திரும்புகிறது. ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே 300 மீட்டருக்கு அப்பாலுள்ள வண்டியைத் தொட்டுத் திரும்ப, ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் 2 பங்கு நேரம் போதும். கருவி இவ்வாறு பல துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பித் தொலைவு குறைவதைக் கணிக்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 0.3 விநாடியில் 7.5 மீட்டர் நெருங்கிவிடும். அந்தக் கண்ணிமைப்பொழுதே வேகத்தைச் சொல்லப் போதுமானது. ரேடார் அலை விரிந்து பல வண்டிகள்மேல் படும். லேசர்க் கற்றையோ 300 மீட்டரில் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமே விரிவதால், கூட்டத்தில் ஒரு வண்டியைத் தனியே குறிவைக்க இயலும்.

இத்துணை நுட்பமான கருவிக்கும் பிழை உண்டு. அளக்கும் அந்த 0.3 விநாடியில் கை அசைந்து, கற்றை வண்டியின் உடல்மேல் ஒரு மீட்டர் வழுவியது என்று கொள்ளுங்கள். அந்த ஒரு மீட்டரும் வண்டி ஓடிய தொலைவாகவே எண்ணப்படும். கணக்கிட்டுப் பாருங்கள்: மணிக்கு 12 கிலோமீட்டர் பிழை! இதனைக் கண்டு விலக்கும் சோதனைகள் கருவிக்குள்ளேயே அமைக்கப்படுகின்றன. அவை சரியாக இயங்குகின்றனவா என்பதை மனிதரே பார்க்க வேண்டும்.

இனி விவாதத்திற்கு வருவோம். கேமராவை வேண்டுவோரின் வாதம் உயிரைப் பற்றியது. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1989 டிசம்பரில் வேகக் கேமராக்களை இயக்கத் தொடங்கிற்று. 1989-இல் அங்குச் சாலையில் இறந்தோர் 776 பேர். 1992-இல் 396 பேர். மது அருந்தி ஓட்டுவோர்மீது எடுத்த நடவடிக்கையும், அக்காலப் பொருளாதார மந்தமும் இதில் பங்கு கொண்டவை. புகழ் முழுவதும் கேமராவுக்கே உரியதன்று. எனினும், பல நாடுகளில் நடந்த 35 ஆய்வுகளை 2010-இல் ஒருங்கு வைத்து நோக்கிய அறிஞர்கள், உயிரிழப்பும் கடுங்காயமும் விளைக்கும் விபத்துகள் 11 முதல் 44 விழுக்காடு வரை குறைந்ததாகக் கண்டனர். இதனைப் புறந்தள்ள இயலாது.

எதிர்ப்போரின் வாதம் நீதியைப் பற்றியது. அதே விக்டோரியாவில், 2003-இல் ஒரு பழைய டாட்சன் கார் மணிக்கு 158 கிலோமீட்டர் ஓடியதாக மெல்போர்ன் சுற்றுச்சாலைப் பொறி குற்றம் சாட்டியது. சோதித்தபோது, அவ்வண்டியால் 117-க்குமேல் ஓடவே முடியவில்லை! அரசு நிலைக்கேமராக்களை நிறுத்திவைத்தது; பெருந்தொகையைத் திருப்பிக் கொடுத்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலோ, 2012-இல் சிவப்பு விளக்கின் முன் நின்றுகொண்டிருந்த கார் மணிக்கு 38 மைல் ஓடியதாகச் சீட்டு வந்தது. கேமராவை நடத்திய நிறுவனத்திற்கு, வசூலாகும் ஒவ்வொரு சீட்டுக்கும் பங்கு உண்டு என்பது மக்களின் ஐயத்தை வளர்த்தது. அடுத்த ஆண்டு அத்திட்டம் நின்றது; 2017-இல்தான் மீண்டும் தொடங்கியது.

காவலர் வழியில் நிறுத்தினால் அவரிடம் நம் நிலையைச் சொல்லலாம். பொறியின் சீட்டோ பல நாள் கழித்து, ஓட்டியவருக்கன்றி உரிமையாளருக்கு வருகிறது. “ஓட்டியவர் யார் என்று சொல்” என வற்புறுத்துவது, தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ளச் செய்வதாகாதா என்று பிரிட்டனில் இருவர் வழக்காடினர். 2007-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், மோட்டார் ஓட்டும் உரிமையை ஏற்பவர் அதற்குரிய பொறுப்பையும் ஏற்கிறார் என்று கூறி, அவ்வாதத்தை ஏற்கவில்லை.

அவ்வாறாயின் முடிவு என்ன? விக்டோரியா மாநிலம் கேமராவை அடியோடு கைவிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பவுமில்லை. கேமராக்களைச் சோதிக்கவும் மக்களின் முறையீட்டைக் கேட்கவும், 2011-இல் சட்டமியற்றித் தனி ஆணையர் ஒருவரை அமர்த்தியது. நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் மின்னணுக் கண்காணிப்புக்கு இடம் தந்தது. 2021-இல் வந்த விதிகள், கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சான்றிதழ் வேண்டும் என்றும், கண்காணிப்பு நடக்கும் இடத்தில் அறிவிப்புப் பலகை வேண்டும் என்றும், பதினைந்து நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றும் கூறுகின்றன. இவை தாளில் உறங்காமல் நடைமுறையில் நிற்பது, நீங்கள் கேட்கும் கேள்விகளைப் பொறுத்தது.

விரைந்து ஓட்டுவோருக்கு நான் பரிந்து பேசவில்லை. பள்ளி வாயிலில் சாலை கடக்கும் பிள்ளைகளை முப்பது ஆண்டு நின்று பார்த்தவன் நான். வேகத்தை அடக்கும் எக்கருவியையும் வரவேற்பேன். ஆனால் பொறி சாட்சி. அது நீதிபதி ஆகாது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வழியிருக்கும் வரைதான் அதன் சொல்லுக்கு மதிப்பு. நாளை உங்களுள் ஒருவர் அத்தகைய பொறியை அமைக்கும் பொறியாளராகலாம். அதன் சீட்டில் கையெழுத்திடும் அதிகாரியாகலாம். அன்று யாரேனும் உங்கள்முன் வந்து, “ஐயா, கடிகாரம் முந்தி ஓடுகிறது” என்று மெல்லச் சொன்னால், அவர் வாயை அடக்காதீர்கள். அஞ்சலகம் வரை ஒருமுறை நடந்து பார்த்து வாருங்கள்.