எலிக்கு வேலை செஞ்சா போதுமா? வாரம் ஒரு மாத்திரையின் கதை

ஓசூர் சிப்காட்ல லைன்ல வேலை பார்க்கிற ஒரு தோழி போன வாரம் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. ஷிஃப்ட் மாறிக்கிட்டே இருக்கு, தினமும் ஒரே நேரத்துக்குக் கருத்தடை மாத்திரை போட முடியல. ஆரம்ப சுகாதார நிலையத்துல 'சாயா'ன்னு ஒண்ணு கொடுத்தாங்களாம். முதல் மூணு மாசம் வாரத்துக்கு ரெண்டு, அப்புறம் வாரம் ஒண்ணு. "இது எப்படிடா போதும்? யார் மேல டெஸ்ட் பண்ணாங்க?"ன்னு கேட்டாங்க.

(சாயான்னதும் எனக்கு மலையாளி டீக்கடைதான் ஞாபகம் வந்தது. ஹிந்தியில நிழல்னு அர்த்தம்.)

மருந்தோட பேர் சென்ட்குரோமன். லக்னோவில் இருக்கிற மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் 1960களில் உருவாக்கியது. வேதியியலாளர் நித்யா ஆனந்த் குழுவோட வேலை. அப்போ அந்த ஆய்வுக்கூடம் இருந்தது நவாபுகள் கட்டின சத்தர் மன்ஸில் அரண்மனையில. நவாபோட அரண்மனையில எலிக்கூண்டு!

எலிகள்ல கிடைச்ச முடிவு பிரமாதம். இணை சேர்ந்த பிறகு, கிலோவுக்கு 1.25 மில்லிகிராம், ஒரே ஒரு டோஸ், கர்ப்பம் தங்கவில்லை. ஆனா இங்கதான் கவனிக்கணும். எலியில் கரு கருப்பையில் பதிய, சரியான நேரத்தில் ஈஸ்ட்ரோஜன் ஒரு முறை ஏறியாகணும். அந்த ஒரு சிக்னலை மறிச்சா வேலை முடிஞ்சது. மனுஷியில் கணக்கு வேறு.

இதுக்கு இங்கிலாந்தில் ஒரு பாடமே இருக்கு. ஐ.சி.ஐ. கம்பெனியின் ஆர்தர் வால்போல் குழு, அதே 1960களில், எலிகளில் கர்ப்பத்தைத் தடுக்கிற ஒரு மருந்தைக் கண்டுபிடிச்சாங்க. பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தா, அது கருமுட்டையை வெளிவரத் தூண்டுச்சு. கருத்தடைக்கு நேர் எதிர்! அந்த மருந்துதான் பின்னாடி மார்பகப் புற்றுநோய்க்குப் பயன்பட்ட டமாக்ஸிஃபென். டெஸ்ட் சர்வர்ல பாஸ் ஆன கோடு புரொடக்‌ஷன்ல தலைகீழா ஓடுறதை நான் நிறைய பார்த்திருக்கேன், ஆனா இந்த அளவுக்கு இல்ல.

அதனால லக்னோவில் எலியோட நிறுத்தல. ரீசஸ் குரங்குகள், அப்புறம் பெண்கள்னு பல வருஷம் போச்சு. 'சஹேலி'ங்கிற பேர்ல கடைக்கு வந்தது 1991ல். அரசு குடும்ப நலத் திட்டத்தில் 'சாயா'வா சேர்ந்தது 2016ல். அந்தக் குரங்குகளை நினைச்சா எனக்குச் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் படியைத் தாண்டியிருந்தா முதல் எலி நம்ம பொண்ணுங்களாத்தான் இருந்திருப்பாங்க.

இப்போ வாரக் கணக்கு. இந்த மருந்து பாதியாகக் குறையவே உடம்பில் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். அதனாலதான் 30 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணு வாரம் முழுக்க தாங்குது. ஆரம்பத்துல ரெண்டு போடுறது ரத்தத்தில் அளவைச் சீக்கிரம் ஏத்தி வைக்க. இதில் ஹார்மோன் கிடையாது. கருமுட்டை வெளியாவதையும் பொதுவா நிறுத்தாது. கரு வந்து சேரும்போது கருப்பைச் சவ்வு அதுக்குத் தயாரா இருக்காது, அவ்வளவுதான். சிலருக்கு மாதவிடாய் தள்ளிப்போகும். ரொம்பத் தள்ளிப்போனா டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும். கல்லீரல் பிரச்சினையோ சினைப்பை நீர்க்கட்டியோ (பிசிஓஎஸ்) இருந்தா நர்ஸ்கிட்ட முன்னாடியே சொல்லிடணும்.

தோழிக்கு இதையெல்லாம் சொன்னேன். முதல் மாத்திரை மாதவிடாயின் முதல் நாள், அடுத்தது மூணு நாள் கழிச்சு. அவங்களுக்கு அது ஞாயிறும் புதனும். ஷிஃப்ட் எதுவா இருந்தாலும் அடிக்கிற மாதிரி அலாரம் வெச்சுட்டேன்னு பதில் வந்தது.