காசநோய் மாத்திரைகள் (பெரம்பலூர், அரியலூர்)

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில், தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே, காசநோய் உறுதியானவர்களுக்கு அரசு மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் கூட்டு மாத்திரைகளை இலவசமாக வழங்குகின்றன. ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட், பைரசினமைடு, எத்தாம்புட்டால் ஆகிய நான்கும் ஒரே மாத்திரையில் அடங்கும். வழக்கமான காசநோய்க்கு முதல் 2 மாதம் நான்கு மருந்துகளும், அடுத்த 4 மாதம் பைரசினமைடு நீங்கலாக மூன்றும் தினமும் தரப்படும். பெரியவர்களுக்கு 35–49 கிலோ எடைக்கு 3 மாத்திரை, 50–64 கிலோவுக்கு 4. ஆகவே ஒருவருக்குத் தந்த மாத்திரையை வீட்டில் இன்னொருவர் விழுங்கலாகாது.

அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் சிமென்ட் ஆலைகளுக்கும் பெயர்பெற்றது. பெரம்பலூரில் கல்குவாரிகள் உண்டு. கல்லைத் துளைத்து உடைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலைப் புண்ணாக்கிக் காசநோய்க்கு வழிவிடும். குவாரித் தொழிலாளி 2 வாரத்துக்கு மேல் இருமினால், தூசி இருமல் என்று விட்டுவிடாமல் சளியைப் பரிசோதிக்க வேண்டும்.

மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். ரத்தம் என்று பயந்து மருந்தை நிறுத்துவோர் உண்டு. அது ரிஃபாம்பிசினின் நிறம்தான். வியர்வை, கண்ணீரிலும் தெரியும், தீங்கில்லை. பயப்பட வேண்டியவை வேறு. சாப்பாடு பிடிக்காமல் வாந்தி வந்து கண் மஞ்சளித்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்போது மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒருபக்கம் கீழாநெல்லி, மறுபக்கம் அதே மாத்திரை என்று நாள் கடத்துவது உயிருக்கே ஆபத்து. குடிப்பழக்கம் இந்த ஆபத்தைப் பெருக்கும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாமல் பார்வை மங்குவது எத்தாம்புட்டாலின் எச்சரிக்கை. கைகால் மரத்துப்போவது ஐசோனியாசிட்டால். அதைத் தடுக்கத்தான் பைரிடாக்சின் (வைட்டமின் பி6) சேர்த்துத் தருகிறார்கள்.

ரிஃபாம்பிசின் வேறு பல மருந்துகளின் வீரியத்தைக் குறைத்துவிடும். கருத்தடை மாத்திரை பலிக்காமல் போகலாம். சில சர்க்கரை நோய் மாத்திரைகளும் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தும் போதாமல் போகலாம். அதனால் எடுத்துவரும் எல்லா மருந்துகளையும் முதல் நாளே மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. வெறும் வயிற்றில் விழுங்கினால் மருந்து நன்றாக உடலில் சேரும். குமட்டினால் மருத்துவரைக் கேட்டுச் சிறிது உணவுடன் எடுக்கலாம்.

சில வாரங்களில் இருமல் அடங்கி உடம்பு தேறிவிடும். பாதியில் நிறுத்தத் தோன்றுவதும் அப்போதுதான். எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு மசியாதவையாக மாறினால் சிகிச்சை நீண்டு, கடினமாகிவிடும்.

இதற்கெல்லாம் மருத்துவமனையில் தங்க வேண்டுமா? 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, வீட்டிலிருந்தபடி மருந்து எடுப்பவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு இணையாகக் குணமாவதை உலகுக்குக் காட்டியது. ஆனால் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. 2022-இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' நோய் கண்டறிந்தவுடனே மிகக் குறைந்த எடை, மூச்சுத்திணறல், தாங்கலின்றி நிற்க இயலாமை ஆகியவற்றைப் பார்த்து, ஆபத்தில் உள்ளவர்களை மருத்துவமனையில் சேர்க்கிறது. சத்துணவுக்காக மத்திய அரசு வழங்கும் மாத உதவித்தொகை 2024 நவம்பரில் 500 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்ந்தது. சந்தேகங்களுக்குக் கட்டணமில்லா எண்: 1800-11-6666.