சாவுக்கு முன்பே வரும் இன்சூரன்ஸ் பணம்: ஒரு ஒன்பது மாதக் கணக்கு

ஒரு நோயாளி உங்க எதிரில் உட்கார்ந்து, "ஆபரேஷனுக்குக் காசு இல்லை டாக்டர், என் லைஃப் இன்சூரன்ஸ் பாலிசியை நீங்களே வாங்கிக்கோங்க" என்று சொன்னால் என்ன செய்வீங்க?

என்னிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆனா அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்காங்க. கேட்டவர் பெயர் ஜான் பர்ச்சர்ட். பாலிசிக்கு இரண்டு தவணை கட்டியிருந்தார். மூன்றாவது தவணை பாக்கி. கையில் காசில்லை, அறுவை சிகிச்சைக்குப் பணம் வேண்டும். டாக்டர் கிரிக்ஸ்பி என்பவரிடம் போய் பாலிசியை விற்றார். விலை 100 டாலர். அதன் பிறகு வரும் பிரீமியத்தை எல்லாம் டாக்டர் கட்ட வேண்டும். பர்ச்சர்ட் இறந்தால் பணம் டாக்டருக்கு.

பர்ச்சர்ட் இறந்தார். உடனே தகராறு. அவருடைய சொத்தை நிர்வகித்த ரஸ்ஸல் தரப்பு, "டாக்டர் போட்ட காசை மட்டும் அவருக்குக் கொடுங்க, மிச்சம் எங்களுக்கு" என்றது. கீழே இருந்த நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. 1911-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். சாரம் இதுதான்: நேர்மையாக எடுத்த பாலிசி ஒரு சொத்து. மற்ற சொத்துகளைப் போல அதையும் விற்கலாம்.

சட்டப்படி சரி. ஆனா ஒரு டாக்டரா எனக்கு இதைப் படிக்கும்போது உள்ளுக்குள்ள நெருடுது. நோயாளி எவ்வளவு சீக்கிரம் போகிறாரோ, அவ்வளவு லாபம் டாக்டருக்கு! இந்த நெருடலை மனசில் வெச்சுக்கோங்க, பின்னாடி திரும்ப வருவோம்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர்களுக்கென்று ஒரு குழு ஆயுள் காப்பீடு இருக்கு. சுருக்கமாக 'ஃபெக்ளி' என்பார்கள். 1954-இல் ஐசனோவர் அதிபராக இருந்தபோது தொடங்கியது. அடிப்படைக் காப்பீட்டுத் தொகைக்கான கணக்கு எளிமையானது: வருடச் சம்பளத்தை அடுத்த ஆயிரத்துக்கு உயர்த்தி, அதோடு 2,000 டாலர் சேர்க்க வேண்டும். சம்பளம் 61,500 என்றால் 62,000, அதோடு 2,000, ஆக 64,000 டாலர். உரிய நிபந்தனைகள் இருந்தால் ஓய்வு பெற்ற பிறகும் இதைத் தொடரலாம்.

நாற்பது வருஷம் இந்தப் பணம் ஒரே ஒரு வழியில்தான் வந்தது. ஆள் இறக்க வேண்டும், குடும்பம் விண்ணப்பிக்க வேண்டும். சாகப்போகிறவர் கண்ணால் பார்க்க முடியாத பணம்.

அதை மாற்றியது எய்ட்ஸ்.

1981 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த விசித்திரமான நிமோனியா பற்றி முதல் அறிக்கை வந்தது. அடுத்த பத்து வருஷத்தில் என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். முப்பது, நாற்பது வயது ஆட்கள். வேலை போச்சு, வேலையோடு சம்பளமும் போச்சு. 1987-இல் வந்த முதல் மருந்து ஏ.இசட்.டி.க்கு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 10,000 டாலர். வாடகை கட்டக் காசில்லை, ஆனா பெட்டியில் ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் மட்டும் பத்திரமா இருக்கு. பலருக்கு அந்தப் பணத்தை வாங்க மனைவியோ பிள்ளையோ கிடையாது.

1980-களின் கடைசியில் இந்தப் பாலிசிகளை வாங்கும் கம்பெனிகள் முளைத்தன. 1911 தீர்ப்புதான் அவங்களுக்கு அஸ்திவாரம். இந்த வியாபாரத்துக்கு அவர்கள் வைத்த பெயர், 'வயாட்டிகம்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பழைய ரோமில் வழிப்பயணத்துக்குக் கொடுத்தனுப்பும் உணவும் செலவுக்காசும் அது. நம்ம ஊர் பாஷையில் கட்டுச்சோறு. பெயர் என்னவோ அழகுதான்! கணக்கு அவ்வளவு அழகில்லை. பாலிசித் தொகையில் பாதி முதல் எண்பது சதவீதம் வரை கொடுப்பார்கள். சீக்கிரம் சாவார் என்றால் விலை கூட. கொஞ்ச காலம் தாங்குவார் என்றால் விலை கம்மி. மிச்சம் முதலீட்டாளருக்கு.

இன்னொரு பாதை கனடாவிலிருந்து வந்தது. புருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்தின் கனடா தலைவர் ரான் பார்பரோ எய்ட்ஸ் நோயாளிகளை நேரில் போய்ப் பார்த்தவர். சாவுக்குப் பிறகு எப்படியும் கொடுக்கப்போகும் பணத்தை, சாகும் முன்பே கம்பெனியே கொடுத்தால் என்ன? இந்த யோசனை கனடாவில் திட்டமாகி, 1990-இல் அமெரிக்காவுக்கும் வந்தது. இடையில் தரகர் இல்லை, பந்தயம் கட்ட முதலீட்டாளரும் இல்லை.

அரசு ஊழியர்கள் மட்டும் பாக்கி. 1994 அக்டோபரில் ஒரே மாதத்தில் இரண்டு சட்டம். அக்டோபர் 3 சட்டம், ஃபெக்ளி பாலிசியை வேறொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்க அனுமதித்தது. அதாவது கட்டுச்சோற்றுக் கம்பெனிக்கு விற்கலாம். அக்டோபர் 25 சட்டம், விற்கவே வேண்டாம், சாகும் தறுவாயில் இருப்பவருக்கு ஃபெக்ளியே முன்கூட்டிப் பணம் கொடுக்கும் என்றது. இது நடைமுறைக்கு வந்தது 1995 ஜூலை 25. ஏற்கெனவே மாற்றி எழுதிக் கொடுத்தவருக்கு இந்த வசதி கிடையாது. இரண்டில் ஒன்றுதான்.

நிபந்தனை என்ன? ஆயுள் இன்னும் ஒன்பது மாதம் அல்லது அதற்குள் என்று மருத்துவக் கணிப்பு இருக்க வேண்டும். முன்கூட்டித் தருவதால் நிதிக்கு ஏற்படும் வட்டி இழப்புக்காக ஒரு சிறு தொகை கழிப்பார்கள். 1996-இல் வந்த சட்டப்படி இப்படி வாங்கும் பணத்துக்கு மத்திய வருமான வரியும் இல்லை. ஒன்பது மாதம் தாண்டியும் உயிரோடு இருந்தால்? பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

நல்ல திட்டம்தான். ஆனா ஓய்வு பெற்றவர்கள் விஷயத்தில் இரண்டு இடத்தில் கை கடிக்குது.

ஒன்று, பணியில் இருப்பவர் பாதியை இப்போ வாங்கிக்கொண்டு மீதியை மனைவிக்கு விடலாம். ஓய்வு பெற்றவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. எடுத்தால் அடிப்படைக் காப்பீடு முழுவதையும் எடுக்க வேண்டும், பிறகு குடும்பத்துக்கு அதிலிருந்து ஒரு டாலர் கூடக் கிடையாது.

இரண்டாவது இன்னும் மோசம். கூடுதல் பிரீமியம் கட்டாத ஓய்வூதியருக்கு 65 வயதுக்குப் பிறகு காப்பீட்டுத் தொகை மாதம் இரண்டு சதவீதம் குறைந்துகொண்டே போய்க் கால்வாசியில் நிற்கும். நம்ம 64,000 டாலர் 16,000 ஆகிவிடும். அதோடு முன்பணத்தைக் கணக்கிடும்போது இன்றைய தொகையைப் பார்க்க மாட்டார்கள், ஒன்பது மாதம் கழித்து என்ன இருக்குமோ அதைத்தான் பார்ப்பார்கள். புற்றுநோயோ இதய நோயோ முற்றுவது பெரும்பாலும் எந்த வயதில்? அந்த வயதில்தான் பானையில் கம்மியா இருக்கு. எய்ட்ஸ் வந்த இளைஞர்களால் பிறந்த ஏற்பாடு, முதியவருக்கு வரும்போது இப்படிச் சுருங்கிவிடுகிறது.

அந்த இளைஞர்கள் கதை என்ன ஆச்சு? 1996-இல் வான்கூவர் மாநாட்டில் கூட்டு மருந்துச் சிகிச்சையின் முடிவுகள் வெளிவந்தன. படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். பாலிசி வாங்கிய முதலீட்டாளர்கள் தலையில் கை வைத்தார்கள். ஒரு மனிதன் பிழைத்தது இன்னொருவருக்கு நஷ்டக் கணக்கு! கிரிக்ஸ்பி கதையில் நெருடியது இதுதான். அரசுத் திட்டத்தில் இந்த அசிங்கம் இல்லை, பிழைத்தவரை நினைத்து யாரும் எரிச்சல்பட வேண்டியதில்லை.

ஆனா அந்த 'ஒன்பது மாதம்' என்பதை யார் எழுதித் தருவது? டாக்டர். அங்கேதான் எங்க ஆட்களோட பலவீனம் வருது.

2000-இல் கிறிஸ்டாகிஸ், லாமண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிகாகோவில் ஒரு வேலை செய்தார்கள். இறுதிக்காலப் பராமரிப்பு மையங்களுக்கு வந்த 468 நோயாளிகள் எவ்வளவு நாள் இருப்பார்கள் என்று 343 டாக்டர்களிடம் கேட்டு, பிறகு நடந்ததோடு ஒப்பிட்டார்கள். கணிப்பு ஓரளவு சரியாக இருந்தது 20 சதவீதம்தான். 63 சதவீதம் பேருக்கு டாக்டர்கள் நாளைக் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். மொத்தத்தில் உண்மையான நாளைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். இன்னொரு வேடிக்கை, நோயாளியை எவ்வளவு காலமாகத் தெரியுமோ, தப்பு அவ்வளவு கூடுதல்.

பாசம்தான் காரணமா, பயமா? ரெண்டும்னு நினைக்கிறேன். எனக்கே நடந்திருக்கு. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருத்தர், கணையப் புற்றுநோய். "எனக்கு எவ்வளவு நாள் சார்? பொண்ணுகிட்ட வீட்டை எழுதி வைக்கணும், அதான் கேக்குறேன்" என்றார். வெளியில் அவர் மகன், அப்பாவிடம் எதுவும் சொல்லாதீங்க என்று ஏற்கெனவே என் கையைப் பிடித்திருந்தார். நான் "பார்க்கலாம் சார், மருந்து வேலை செய்யட்டும்" என்றேன். எனக்கு விடை தெரியும். அவர் கேட்டது ஆறுதல் இல்லை, தேதி. அதை நான் கொடுக்கவில்லை. ஆறு வாரம்தான் இருந்தார். பத்திரம் கடைசி வரை எழுதப்படவில்லை.

அதனால்தான் ஃபெக்ளி கதை எனக்குச் சும்மா வெளிநாட்டுச் செய்தி இல்லை. டாக்டர் "ஒன்றரை வருஷம் இருப்பார்" என்று மனசாரத் தப்பாகச் சொன்னால், அந்த ஓய்வூதியருக்கு விண்ணப்பிக்கத் தகுதியே இல்லை. உண்மை தெரியும்போது அவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்க மாட்டார். அவர் நினைத்த பயணமோ, பேரனுடன் கழிக்க நினைத்த வாரமோ, வலிக்கு வீட்டிலேயே ஒரு நர்ஸ் வைப்பதோ, எதற்கும் அந்தப் பணம் உதவாது. இறந்த பிறகு குடும்பத்துக்குப் போகும், உண்மைதான். ஆனா அவருக்கு இல்லை.

உங்க சொந்தத்தில் யாராவது அமெரிக்க மத்திய அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்றால், இதைச் சொல்லி வையுங்க. விண்ணப்பத்தை ஃபெக்ளி அலுவலகத்திடமே நேரடியாகக் கேட்டு வாங்க வேண்டும். முதல் பகுதி அவர் நிரப்புவது, இரண்டாம் பகுதி டாக்டர் நிரப்புவது. முதல் முறை நிராகரித்தால், நிலைமை மாறும்போது மறுபடி விண்ணப்பிக்கலாம். ஒப்புதல் வந்து காசோலை வீட்டுக்கு வந்த பிறகும், அதை வங்கியில் போடும் வரை மனசை மாற்றிக்கொள்ளலாம். போட்டுவிட்டால் அவ்வளவுதான், திரும்ப முடியாது.

அந்த இரண்டாம் பகுதியை டாக்டரிடம் நீட்டும்போது அவர் தயங்கினால், "எங்கப்பா இன்னும் எவ்வளவு நாள் இருப்பார்?" என்று கேட்காதீங்க. "ஒன்பது மாதத்துக்குள் அவர் இறந்துபோனால் நீங்க ஆச்சரியப்படுவீங்களா?" என்று கேளுங்க. முதல் கேள்விக்கு நாங்க மழுப்பிவிடுவோம். இரண்டாவதுக்கு மழுப்புவது கஷ்டம்.