காந்தமும் காந்தலும்

இரும்பை வடமொழி அயஸ் என்னும்; விரும்பப்படுவதைக் காந்தம் என்னும்; இரண்டும் சேர்ந்து இரும்பின் மனங்கவர்ந்த கல்லுக்கு அயஸ்காந்தம் என்னும் பெயராயின. அந்தச் சொல் நம்மிடம் வந்தபோது முன்பாதியை உதிர்த்துவிட்டு, காதலைச் சொல்லும் பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டது. கணவனைக் குறிக்கும் காந்தனும் இந்தக் குடும்பந்தான்.

அதே ஒலியில் நமக்கென்று ஒரு சொல் முன்பே உண்டு. மிளகாய் அரைத்த கை காந்தும். பசித்த வயிறு காந்தும். அடிப்பிடித்துக் கருகிய சோற்றுக்குக் காந்தல் என்றே பெயர். காய்தல், காங்கை என்று வெம்மையைச் சொல்லும் கிளையில் தழைத்த சொல் இது. காந்தத்துக்கும் இதற்கும் வேருறவு இல்லை. ஒலி ஒத்தது என்பதற்காக ஒன்றை மற்றதன் பிள்ளையாக்கலாகாது. ஆனாலும் சூரியகாந்தம் என்னும் கல்லை நினைத்துப் பாருங்கள்: கதிரவனுக்கு இனியது என்பது பெயர்ப்பொருள், வெயிலை வாங்கிப் பஞ்சைப் பற்றவைப்பது அதன் தொழில். திருமந்திரம் அந்தக் கல்லையும் பஞ்சையும் உவமையாக்கியிருக்கிறது.

இன்றைய கணினி வன்தட்டில் இந்த இரண்டு சொற்களும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. 1956இல் ஐ.பி.எம். செய்த முதல் வன்தட்டில், இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பது சேர்ந்து ஐம்பது இலட்சம் எழுத்துகளைத் தாங்கின. அதன்பின் கொள்ளளவைக் கூட்டக் கூட்டத் தட்டின் மேல் எழுத்தைத் தம் திசையால் தாங்கும் காந்தமணிகள் சிறுத்துக்கொண்டே வந்தன; மிகச் சிறுத்த மணியோ அறைவெப்பத்துக்கே திசைமாறி, எழுதியதை மறந்துவிடும். எளிதில் திசைமாறாத இரும்பு–பிளாட்டினக் கலவையில் மணிகளைச் செய்தால், எழுதுமுனையின் காந்தப்புலத்துக்கு அவை அசைந்து கொடுப்பதில்லை. ஆகவே மணியைக் காந்தவைத்தார்கள். எழுதுமுனையிலேயே ஒரு லேசர். அதன் ஒளியைப் பொன்னாலான நுண்ணுறுப்பு ஒன்று நானோமீட்டர் அளவில் குவிக்கிறது. நானூறு பாகை செல்சியசையும் தாண்டிச் சூடேறிய மணி தன் பிடிவாதத்தைத் தளர்த்தும் அந்த நொடித்துளியில், காந்தப்புலம் திசையை எழுதிவிடுகிறது. உடனே ஆறி, எழுத்து உறைகிறது. 2024இல் சீகேட் நிறுவனம் இம்முறையில் தட்டுக்கு மூன்று டெராபைட்டாக, முப்பது டெராபைட் வன்தட்டை அறிவித்தது. அறைவெப்பம் அழிக்கவல்ல எழுத்தைக் கடும்வெப்பம் நிலைக்கச் செய்கிறது!

ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஹாமர் என்று வழங்கும் இம்முறைக்கு, வெப்பத்துணைக் காந்தப்பதிவு என்னும் பெயர் பொருளில் நேர்த்தி, நாவில் சுமை. நான் காந்தெழுத்து என்பேன். காந்தத்தின் எழுத்தாயின் காந்தவெழுத்து என்றே புணரும். காந்தெழுத்து என்றால் காந்துதல் அடியாகப் பிறந்த வினைத்தொகை. காந்தத்தின் சாயலோ ஒலியில் தானே வந்து நிற்கிறது.